நானூற்றுப் பன்னிரண்டில் அம்மா

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேசட். பக்கத்துக்கு முப்பது நிமிஷம், மொத்தம் அறுபது. மூன்று வருஷமாக அது கடல் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தது. இங்கே பேசி அனுப்புவார்கள். அங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் தம்பி கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவான். போன பேச்சை வந்த பேச்சு தின்றுவிடும். இன்னொரு கேசட் வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால், "வாங்கலாம், அதுக்கு யாரு தபால் கூலி கட்டுறது?" என்று அம்மா வாயை அடைத்துவிடுவாள்.

கேசட் போய்வரும் உறையை அக்கா தைத்திருந்தாள். அவளுக்குத் தொழிலே காஜா போடுவதுதான். தையல்கடைக்காரர் காலையில் சட்டைக் கட்டைப் போட்டுவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து எடுத்துப்போவார். ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான் துளை. அத்தனையும் கையால் சுற்றித் தைத்தாக வேண்டும். மிஞ்சின கனத்த துணியில் அந்த உறையை இரண்டு பக்கமும் ஆகும்படி தைத்திருந்தாள். ஒரு பக்கம் தம்பியின் விலாசம், உள்ளே திருப்பினால் வீட்டு விலாசம். மூன்று பொத்தான், மூன்று காஜா. தபால் ஆபீஸ்காரர் முதல் தடவை, "இதென்னம்மா, பார்சலா, சட்டையா?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டது. "சட்டை வந்திருக்கு" என்று தபால்காரர் குரல் கொடுத்தால் தெருவுக்கே தெரியும், வெல்டர் பேசியிருக்கிறான் என்று.

பதிவு செய்யும் மிஷினும் வீட்டில் கிடையாது. அது ரேடியோவுடையது. ரேடியோ என்பது ஆளின் பெயராகவே ஆகிப்போனது. முக்கில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன், தம்பியோடு ஒரே பெஞ்சில் படித்து ஒரே பாடத்தில் தேறாமல் போனவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சைக்கிள் கேரியரில் மிஷினைத் துண்டில் சுற்றி வைத்துக் கொண்டுவருவான். கூலி வாங்கமாட்டான். பதிலுக்கு ஏ பக்கத்தின் கடைசி இரண்டு நிமிஷம் அவனுக்கு. அந்த இரண்டு நிமிஷத்தில் நண்பனை வாய்க்கு வந்தபடி திட்டுவான். அடுத்த தடவை அங்கிருந்து இரண்டு நிமிஷம் திட்டு வரும். அதைக் கேட்டு மனம் நிறைந்து போவான்.

ஏ பக்கம் எல்லோருக்கும். பி பக்கம் அம்மாவுக்கு மட்டும். அம்மா மிஷினை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மகன் சொன்னதைத் தனியாகக் கேட்பாள், தனியாகவே பதில் பேசுவாள். சிலநாள் சிரித்துக்கொண்டு வெளியே வருவாள், சிலநாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "என்ன சொன்னான்?" என்று அக்கா கேட்டால், "அவன் எங்கிட்டச் சொன்னது உனக்கெதுக்கு? உனக்குத்தான் ஒரு பக்கம் இருக்கே" என்பாள். அக்காவுக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் ஒருநாளும் கதவில் காது வைத்ததில்லை. அந்த வீட்டில் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற வழக்கம் கிடையாது.

இன்னொரு சட்டமும் இருந்தது. நாடாவைக் கடைசி வரை நிரப்ப வேண்டும். வெறும் நாடாவுக்கும் அதே தபால் கூலிதானே. பேச ஒன்றும் இல்லாவிட்டால் மழை பெய்கிறதா இல்லையா என்றாவது சொல்லி ஒப்பேற்றுவார்கள். தம்பியும் அப்படித்தான், பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுவதையாவது பதிந்து அனுப்புவான்.

அம்மா அந்த மழைக்காலத்தில் செத்துப்போனாள். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரி வராந்தாக் கட்டிலில் நாலு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் மூச்சு கொஞ்சம் சீராக இருந்தபோது அக்காவின் கையைப் பிடித்தாள்.

"சின்னவனுக்குச் சொல்லாத."

"என்னம்மா பேசற, உனக்கு ஒண்ணும் இல்ல."

"கேளு. அவனுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. பாதியில விட்டுட்டு வந்தா திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. முடிச்சிட்டு வரட்டும். நான் எங்க போயிடப் போறேன்?"

மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள்.

பதினோரு நாள் கழித்துத் தபால்காரர் வாசலில் நின்று, "சட்டை வந்திருக்கு" என்றார். அவருக்கும் விஷயம் தெரியும். குரலை இறக்கித்தான் சொன்னார். அக்கா உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஒரு காஜாகூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ வந்தான். மிஷினை மேஜையில் வைத்துக் கேசட்டைப் போட்டான். தம்பிக்கு ஒரு பழக்கம்: பேசி முடித்ததும் சுற்றிவிடாமல் அப்படியே கழற்றி அனுப்பிவிடுவான். சுற்றினால் பேட்டரி வீணாம். ஏ பக்கமா, பி பக்கமா என்று பார்க்காமல் ரேடியோ பட்டனை அழுத்தினான்.

"...கண்ணைக் கழுவாம தூங்கிடாத" என்றாள் அம்மா.

அக்காவின் புருஷன் ரொட்டிக்கடை அடுப்பில் வேலை செய்கிறவர், இரவெல்லாம் வெந்து பகலில் தூங்குகிறவர். தூக்கக் கலக்கத்தோடு சுவரில் சாய்ந்திருந்தார். அப்படியே நிமிர்ந்து அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"அந்தப் பொறி வெளிச்சம் கண்ணுக்குள்ளயே நிக்கும்னு நீதானே சொன்ன. பச்சைத் தண்ணில கழுவிட்டுப் படு. செருப்பு இல்லாம பட்டறைக்குள்ள நடக்காத. என்னத்தத்தான் சொல்றது உனக்கு, சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேயுது. இரு, பால் பொங்குது."

முக்காலி நகரும் சத்தம். காலடி. பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம். பிறகு கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை, வெறும் அடுக்களை. மறுபடி காலடி வந்தது.

"ம். எங்க விட்டேன்?"

அக்கா எழுந்து அடுக்களை வாசல் வரை போய்விட்டாள். கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. உள்ளே அடுப்பு அணைந்திருந்தது. முக்காலி சுவர் ஓரத்தில் கவிழ்ந்திருந்தது.

ரேடியோ நிறுத்தினான்.

"என்ன இது?" என்றார் புருஷன்.

"போன தடவை அம்மா பேசி அனுப்பினது, மாமா. அவன் இந்தத் தடவை பி பக்கத்தைக் கடைசி வரைக்கும் பேசல. பேட்டரி தீர்ந்திருக்கும், இல்ல வேலைக்குச் சங்கு ஊதியிருப்பாங்க. அவன் விட்ட இடத்துல இருந்து பழசு அப்படியே தங்கிப்போச்சு." மிஷினில் நாடா எவ்வளவு ஓடியது என்று காட்டும் எண்சக்கரம் உண்டு. ரேடியோ பி பக்கத்தை முதலுக்குச் சுற்றி, சக்கரத்தைப் பூஜ்யத்தில் வைத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்து, குரல் மாறும் இடம் வரை ஓட்டிப் பார்த்தான். "நானூத்திப் பன்னெண்டுல ஆரம்பிக்கறாங்க. பதினோரு நிமிஷம் இருக்கும்."

"அதுக்கு முன்னாடி இருக்கறது?"

"அவன் அம்மாகிட்டப் பேசினது. கேக்கறியா அக்கா?"

"வேண்டாம். அது அம்மாவுக்குச் சொன்னது."

அந்த எண்ணம் அவளுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஏ பக்கத்தைக் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. பி பக்கத்தில் முதலிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை தான் பேசுவது. மிச்சத்தில் அம்மா பேசிக்கொள்ளட்டும்.

புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை. "பெத்தவ செத்ததப் புள்ளகிட்ட மறைக்கறது நல்லா இல்ல."

"அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அது சாகறதுக்கு முன்னாடி சொன்னது. இப்பக் கேட்டா வேற சொல்லுவாங்க."

"இப்ப எப்படிங்க கேக்கறது?"

அவர் மிஷினைப் பார்த்தார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

"அக்கா, அவன் இதை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கானே" என்றான் ரேடியோ. "காது என்ன செவிடா?"

"அம்மா மூணு வருஷமா வேற என்ன பேசினாங்க? கண்ணைக் கழுவு, செருப்பு போடு, நேரத்துக்குச் சாப்பிடு. எல்லாத் தடவையும் இதேதான். அவனுக்கு எது எந்தத் தடவைன்னு தெரியவா போகுது. இந்த ஒரு தடவைக்குத்தான். அடுத்து அவன் அது மேல பேசி அழிச்சிடுவான். அப்புறம் அம்மாவுக்கு முடியல, குரல் வரலன்னு சொல்லிக்கலாம்."

அவள் பேசினாள். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் பி பக்கத்தில் பாதி நான் பேசுகிறேன், கடைசியில் அம்மா கொஞ்சம் பேசுவாள், கோபித்துக்கொள்ளாதே என்றாள். மழையில் வீடு ஒழுகினது, மாமாவுக்குக் கையில் சுட்டது எல்லாம் சொன்னாள். தம்பி அம்மாவுக்குச் சொன்ன பேச்சு அவள் வாயாலேயே, கேட்கப்படாமலேயே அழிந்துகொண்டு போனது. எண்சக்கரத்தில் நானூற்றுப் பத்து வந்ததும் ரேடியோ கையைக் காட்டி நிறுத்தினான்.

அன்றிலிருந்து அம்மா வீட்டை விட்டுப் போகவில்லை. பேய் பிசாசென்று அக்கா நம்புகிறவள் இல்லை. ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து ஊசியில் நூல் கோத்தால் முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. மழையில் ஓடு சடசடக்கும் மதியங்களில், ஒரு சட்டையின் நாலாவது துளைக்கும் ஐந்தாவது துளைக்கும் நடுவில், எங்க விட்டேன் என்று யாரோ கேட்டார்கள். அவளும் கணக்கை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். பால் வாங்குவதையே நிறுத்தினாள். "டீ ஏன் கருப்பா இருக்கு?" என்று புருஷன் கேட்டதற்கு, "பாலுக்கு ஆகற காசை மிச்சம் பிடிக்கறேன்" என்றாள். அவர் கருப்பு டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றார்.

இரண்டு மாதத்தில் சட்டை திரும்பி வந்தது. ஏ பக்கத்தில் தம்பி எப்போதும் போலப் பேசினான். ரேடியோவைத் திட்டினான். ரேடியோ பி பக்கத்தைத் திருப்பிப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து எண் பார்த்து ஓட்டினான்.

"அக்கா, நானூத்தி ஏழுல நிறுத்திட்டான். அம்மா அப்படியே இருக்காங்க."

"இப்பல்லாம் அவனுக்கு வேலை ஜாஸ்தி. அலுப்புல படுத்திருப்பான்."

"நாடாவ வீணாக்க மாட்டானே அவன்."

அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, உறைக்க விடவில்லை என்பதுதான் நிஜம். அம்மா இன்னும் இருக்கிறாள் என்று கேட்டதும் நெஞ்சில் ஒரு நிம்மதி இறங்கியது. அதைக் கிளறிப் பார்க்க மனம் வரவில்லை. சும்மா சாக்குச் சொல்லி என்ன, அந்தப் பதினோரு நிமிஷத்தை அழிக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். "கேட்டுட்டு அழிக்கலாமே" என்று ரேடியோ இரண்டாம் தடவையும் சொன்னான். "அது என் பக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கேட்காமலே அதன் மேல் பேசினாள். அம்மாவுக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை என்றாள். பொய் சொல்வதில் அவளுக்குப் பழக்கமில்லாததால் அந்த இடத்தில் இரண்டு தடவை இருமினாள்.

மூன்றாம் தடவையும் அதேதான். இந்தத் தடவை நானூற்று ஒன்பதில் நிறுத்தியிருந்தான். அம்மாவின் குரல் இளைத்து, மூக்கடைத்தவள் பேசுவது மாதிரி வந்தது. ரேடியோ மிஷினில் நாடா உரசும் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் போட்டுப் பார்த்தான்.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல அக்கா. நாடா தேயுது. ஓட ஓடத் தேயும்."

"நம்ம ரெண்டு தடவைதானே ஓட்டினோம்."

"நம்ம ரெண்டு தடவைதான்" என்றான் ரேடியோ. அவள் முகத்தைப் பார்க்காமல் பஞ்சை மடித்து டப்பியில் வைத்தான்.

நாலாவது தடவை கேசட் வந்தபோது மழைக்காலம் போய் வெயில் வந்திருந்தது. தம்பி திரும்ப நாலு மாதம்கூட இல்லை. ஏ பக்கத்தில், மேலதிகாரி நாள் குறித்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அவன் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டதும் அக்கா வாசலைப் பார்த்தாள். வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மா எங்கே என்று கேட்பான். அதற்குமேல் அவளால் யோசிக்க முடிந்ததில்லை.

ரேடியோவின் திட்டோடு ஏ பக்கத்துக்குப் பதில் பதிந்தாயிற்று, முடிவில் மூன்று நிமிஷம் பாக்கி. "மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்று பி பக்கத்தைத் திருப்பிப் போடச் சொன்னாள். ரேடியோ முதலுக்குச் சுற்றி, இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினான். பதியும் பட்டன் இறங்கவில்லை. மறுபடி அழுத்தினான். கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"பல்லை உடைச்சிருக்கு."

"எதை?"

"இங்க பாரு. கேசட்டோட முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்னதா ஒரு பல்லு இருக்கும், பக்கத்துக்கு ஒண்ணு. அதை உடைச்சிட்டா அந்தப் பக்கத்துல யாரும் பதிய முடியாது. பாட்டுக் கேசட்டெல்லாம் அப்படித்தான் வரும். பி பக்கத்துப் பல்லு போச்சு."

"தபால்ல இடிபட்டிருக்கும்."

"இது இடிபட்டது இல்ல அக்கா. கத்தி முனைய விட்டு நெம்பியிருக்கு. கீறல் தெரியுது பாரு. அவன்தான் உடைச்சிருக்கான்."

அவள் கேசட்டை வாங்கி விரலால் தடவினாள். பல் இருந்த இடத்தில் ஒரு குழி.

"இப்ப என்ன பண்றது?"

"ரெண்டு வழி இருக்கு. அந்தக் குழி மேல ஒரு ஒட்டுத்துண்டு ஒட்டினா மிஷின் ஏமாந்துடும். நீ எப்பவும் போல பேசலாம். இல்ல, அவன் ஏன் உடைச்சான்னு கேக்கலாம். அவன் காரணம் இல்லாம எதையும் உடைக்க மாட்டான், சோம்பேறி. காரணம் உள்ளதான் இருக்கும்."

"அது அம்மாவோட பக்கம்டா."

"அம்மா இல்ல, அக்கா" என்றான் ரேடியோ. ஏழு மாதத்தில் அந்த வார்த்தையை அவன் வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்தாள். மிஷினைத் தூக்கிக்கொண்டாள். ரேடியோவும், விழித்துக்கொண்ட புருஷனும் பார்த்துக்கொண்டிருக்க அடுக்களைக்குள் போனாள். முக்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். கதவை மட்டும் சாத்தவில்லை. தனியாக இருக்கப் பயமாக இருந்தது.

"அம்மா" என்றான் தம்பி. ஏ பக்கத்தில் பேசுகிற குரல் இல்லை இது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பேசுவானே, அந்தக் குரல். "சாப்டேன். கண்ணைக் கழுவிட்டேன். நீ சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். வேலை அப்படியேதான் இருக்கு. அம்மா, நாடா இளைச்சுப் போச்சு. நான்தான் காரணம். வேலை முடிஞ்சு வந்ததும் ஒரு தடவை போட்டுக் கேக்கறேன், பக்கத்துக் கட்டில்காரன் காதுல தலகாணிய வச்சு அமுக்கிக்கறான். அதே பால் எத்தனை தடவைதான் பொங்கும், உங்கம்மா அடுப்பை அணைக்கவே மாட்டாங்களான்னு கேக்கறான். அவனுக்கு நம்ம பாஷை தெரியாது, பால் பொங்கறதுன்னு நான் சொன்னதுதான், ஆனா அந்தச் சத்தம் பழகிடுச்சு."

அடுத்து மூச்சு மட்டும் வந்தது.

"முதல் தடவையே தெரிஞ்சு போச்சும்மா. அதே பாலு பொங்கினதும் தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு உன்கிட்டக் கேட்டேன், எப்பம்மா நீ போனேன்னு. அக்கா அதைக் கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பா. கேக்கல. அவ புத்தி எனக்குத் தெரியாதா, செத்தாலும் உன் பக்கத்தைத் தொட மாட்டா. அதான் அடுத்த தடவை எல்லாத்தையும் உன்கிட்டயே சொன்னேன். அழுதுகிட்டே சொன்னேன், அதையும் கேக்காம அழிச்சிட்டா. நல்லதாப் போச்சு. அழுததெல்லாம் யாரும் கேக்க வேண்டாம்."

அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நீதான் சொல்லாதன்னு சொல்லியிருப்ப. பத்து மாசத்த முடிச்சிட்டு வரட்டும்னு சொல்லியிருப்ப. முடிச்சிடறேன். உன் வாயில இருந்து வந்ததுல இது ஒண்ணுதான் பாக்கி, இனி இதுவும் அழியக் கூடாது, அதான் பல்லை உடைக்கறேன். அக்காவுக்குப் பேச ஏ பக்கம் இருக்கு. அவகிட்ட மட்டும் சொல்லாதம்மா, எனக்குத் தெரியும்னு. பாவம், பொய் சொல்ற எடத்துல இருமறா. நான் வந்து நேர்ல பாத்துக்கறேன். அவ கதவைத் திறந்ததும் நான் அம்மா எங்கன்னு கேக்க மாட்டேன். அதை நெனச்சுத்தான் அவ பயந்துகிட்டிருப்பா. கேக்க மாட்டேன்."

எண்சக்கரம் நானூற்று எட்டு, ஒன்பது என்று நகர்ந்தது. பட்டனை அமுக்கும் சத்தம்.

"...கண்ணைக் கழுவாம தூங்கிடாத" என்றாள் அம்மா, தூரத்திலிருந்து.

ரேடியோ வாசலில் நின்றுகொண்டிருந்தான். "நிறுத்தட்டுமா?"

"ஓடட்டும்."

பால் பொங்கியது. அம்மா எழுந்து போனாள், வந்தாள். எங்கே விட்டேன் என்று கேட்டாள். இந்தத் தடவை அக்கா அடுக்களைக்குள்ளேயே இருந்ததால் எழுந்து வந்து தேட வேண்டியிருக்கவில்லை. நாடா தீரப்போகுது வச்சுடறேன், சாப்டுட்டுப் படு என்று அம்மா சொல்லி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடி அழிச்சதெல்லாம் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"கிடைக்காது அக்கா."

"மூணு தடவை."

"ஆமா."

"முதல்ல அழிச்சது, அம்மா உயிரோட இருக்காங்கன்னு நெனச்சு அவன் பேசினது. அதையாவது கேட்டிருக்கலாம். அவன் கடைசியா அவங்ககிட்டச் சிரிச்சுப் பேசினது அதுதான்." அழுகை அப்போதுதான் வந்தது. புருஷன் வந்து பக்கத்தில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்புச் சூடு பட்டுக் காய்த்துப்போன கையை அவள் தலைமேல் வைத்தார்.

பிறகு ஏ பக்கத்தில் பாக்கி இருந்த மூன்று நிமிஷத்தைப் பேச உட்கார்ந்தாள். "சொல்லிடு. அவனுக்குத்தான் தெரியுமே" என்றார் புருஷன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பட்டன் இறங்கியது. ரேடியோ சக்கரத்தைக் காட்டி நாடா ஓடுவதை ஞாபகப்படுத்தினான்.

"தம்பி" என்றாள். "நீ பி பக்கத்துல பேசினதெல்லாம் அம்மா கேட்டாங்க. அடுக்களைல உக்காந்து முழுசாக் கேட்டாங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. எப்பவுமே சொல்ல மாட்டாங்களே. நீ நல்லபடியா வா. கதவு திறந்துதான் இருக்கும்."

இருமல் வரவில்லை.

ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை உதறினான். அனுப்பத்தான் வேண்டுமா, வழியில் தொலைந்தால் என்ன செய்வது, நாலு மாதம் இங்கேயே வைத்திருக்கலாமே என்றான். அக்காவும் அதை யோசித்திருந்தாள். "எனக்கு இந்த வீடு இருக்கு, அடுக்களை இருக்கு. அவனுக்கு அங்க என்னடா இருக்கு?" என்றாள். கேசட்டைப் பி பக்கம் திருப்பிப் போட்டு, அம்மா பாலை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற இடத்தில் சரியாக நிறுத்தித் தரச் சொன்னாள். அங்கே அவன் கட்டிலில் உட்கார்ந்து பட்டனை அழுத்தியதும் முதலில் அம்மா பேசட்டும் என்றாள். ரேடியோ நாடாச் சக்கரத்தில் பென்சிலை விட்டு இரண்டு பல் முன்னுக்கும் ஒரு பல் பின்னுக்குமாகச் சுற்றி, ஓட்டிப் பார்த்து, அந்தக் காலடிக்கு நேராக நிறுத்தினான்.

அக்கா உறையை உள்வெளியாகத் திருப்பினாள். கேசட்டை வைத்து மூன்று பொத்தானையும் போட்டாள். நடு காஜாவில் நூல் பிரிந்திருந்தது. ஊசியை எடுத்து அதைச் சுற்றித் தைத்து இறுக்கிவிட்டு, புருஷனிடம் சில்லறையைக் கொடுத்துப் பால் வாங்கிவரச் சொன்னாள்.